லினக்ஸ் பூட் ஆகலையா? ஃபார்மட் போடாதீங்க, எங்க நிக்குதுனு பாருங்க

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும், சாப்பிட்டு கை கழுவிட்டு வர்றேன், போன் அடிக்குது. எங்க தெருவுல டிடிபி கடை வச்சிருக்கவரோட பையன், காலேஜ் ரெண்டாவது வருஷம். "அண்ணே, கம்ப்யூட்டர் போச்சுண்ணே, காலையில கல்யாணப் பத்திரிகை பிரிண்டுக்கு போகணும், ஃபைல் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, ஃபார்மட் போட்டு புதுசா உபுன்டு ஏத்திரவா?"ங்கிறான். ஃபைல் உள்ள இருக்குன்னும் சொல்றான், ஃபார்மட் போட்ரவான்னும் கேக்குறான். "டேய் எதையும் தொடாத, ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குனு படி"ன்னேன். "ஏதேதோ வெள்ளை எழுத்துண்ணே, நிறைய இருக்கு." "அதைத்தான்டா படிக்கச் சொல்றேன், போட்டோ எடுத்து அனுப்பு."

அவன் அனுப்புன போட்டோவுல என்ன இருந்துச்சு, எப்படி சரி ஆச்சுங்கிறத கீழ சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு, பூட் ஆகாத லினக்ஸ்ல பெரும்பாலும் உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா அப்படியே இருக்கும். கெட்டுப்போனது வழி மட்டும்தான். நம்ம ஆளுங்க விண்டோஸ் பழக்கத்துல எடுத்தவுடனே ரீஇன்ஸ்டால் போட்டு, நல்லா இருந்த டேட்டாவையும் சேத்து அழிச்சிடுறாங்க.

ஊருக்கு பஸ் வரலைன்னா என்ன கேப்போம், கடைசியா எந்த ஸ்டாப்ல பாத்தீங்கனுதான கேப்போம். இதுலயும் அதே கேள்விதான். பவர் பட்டனை அமுக்குனதும் முதல்ல ஓடுறது போர்டுல இருக்க ஃபர்ம்வேர், நாம பழக்கத்துல பயாஸ்னு சொல்றோம், புது மெஷின்ல அது யூஇஎஃப்ஐ. அது டிஸ்க்ல இருக்க கிரப்பை, அதாவது லினக்ஸை ஏத்திவிடுற சின்ன புரோகிராமை, தேடி எழுப்பும். கிரப் வந்து லினக்ஸோட மையமான கெர்னலையும் கூடவே இனிட்ராம்எஃப்எஸ்னு ஒரு சின்ன மூட்டையையும் ரேம்ல ஏத்தும். கெர்னல் அந்த மூட்டையில இருக்க டிரைவரை வச்சு உங்க நிஜ ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் குடியிருக்க டிஸ்க் பகுதி) திறக்கும், திறந்ததும் சிஸ்டம்டி கையில குடுத்துடும், அது மத்த டிஸ்க், நெட்வொர்க், லாகின் ஸ்கிரீன் எல்லாத்தையும் கிளப்பும். அவ்வளவுதான் வழி. எந்த ஸ்டாப்ல நின்னுச்சுனு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது, ஏன்னா கிரப் மெனு கண்ணுல பட்டுச்சுன்னா பயாஸ் பக்கம் போய் நோண்டவே வேண்டாம், லாகின் ஸ்கிரீன் வரைக்கும் வந்துட்டு கறுப்பாச்சுன்னா கிரப்பை ரிப்பேர் பண்றது வீண் வேலை.

ஒரு விஷயம், கமாண்ட் எல்லாம் இங்க தமிழ் எழுத்துலயே எழுதுறேன், நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிக்கணும், ஸ்பேஸ், கோடு எல்லாம் நான் போட்ட இடத்துலயே போடுங்க. பெரிய எழுத்து வேணும்னா அங்கயே சொல்றேன். சூடோன்னா அட்மின் அதிகாரத்தோட ஓட்டுன்னு அர்த்தம்.

முதல்ல மெஷின் என்ன சொல்ல வருதுனு கேக்கணும். உபுன்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் வகை எல்லாம் அழகா லோகோ காட்டுறேன்னு மெசேஜ் எல்லாத்தையும் மறைச்சு வச்சிருக்கும். அதை விலக்கணும்னா கிரப் மெனு வேணும். மெனு தானா வரலைன்னா ஆன் பண்ண உடனே, பழைய பயாஸ் மெஷின்னா ஷிஃப்ட் கீயை அமுக்கிட்டே இருங்க, யூஇஎஃப்ஐ மெஷின்னா எஸ்கேப் கீயை ஒரு தடவை தட்டுங்க. ஒரு தடவைனு ஏன் சொல்றேன்னா படபடன்னு தட்டுனா மெனுவைத் தாண்டி கிரப்> னு ஒரு கறுப்பு பிராம்ப்டுல போய் விழுந்துரும், அதைப் பாத்து கிரப்பே போச்சுனு அழுத ஆளுங்களைப் பாத்திருக்கேன். அப்படி விழுந்தா நார்மல்னு அடிச்சு என்டர் தட்டுங்க, மெனு திரும்பி வரும்.

மெனு வந்ததும் முதல் வரியில நின்னு இ கீயை அமுக்குங்க. ஒரு எடிட்டர் மாதிரி திறக்கும். அதுல லினக்ஸ்னு ஆரம்பிக்கிற நீளமான வரி ஒண்ணு இருக்கும், அதோட கடைசியில கொயட் ஸ்ப்ளாஷ்னு ரெண்டு வார்த்தை, அந்த ரெண்டையும் அழிச்சிட்டு கன்ட்ரோல் எக்ஸ் இல்லன்னா எஃப்10. இந்த மாத்தம் இந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், டிஸ்க்ல எதுவும் எழுதாது, அதனால பயப்படாம பண்ணலாம். இப்ப வரி வரியா ஓடும், நிக்குற இடத்துல போட்டோ எடுத்துக்கோங்க. ஒரேயடியா உறைஞ்சு போச்சுன்னா பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடிச்சுக்கிட்டு எஸ், யூ, பி மூணையும் ரெண்டு செகண்ட் விட்டு விட்டு தட்டிப் பாருங்க, டிஸ்க்ல எழுத வேண்டியத எழுதி, ரீட் ஒன்லி ஆக்கி, அப்புறம் ரீபூட் பண்ணும். கெர்னல் உயிரோட இருந்தாத்தான் கேக்கும், ஆனா கேட்டுச்சுன்னா டிஸ்க்குக்கு நல்லது.

சரி, ஒவ்வொரு ஸ்டாப்பா போவோம்.

கிரப்பே வரல, பூட்டபிள் டிவைஸ் இல்லைங்குது, இல்லன்னா நேரா பயாஸ் செட்டிங்குக்கே போய் நிக்குது. இங்க முதல்ல பாக்க வேண்டியது அந்த பயாஸ் ஸ்கிரீன்ல உங்க டிஸ்க் பேரு தெரியுதாங்கிறதுதான். தெரியலைன்னா லினக்ஸ் மேல தப்பு இல்ல, கேபிள் லூசா இருக்கும், எஸ்எஸ்டி ஸ்லாட்ல சரியா உக்காந்திருக்காது, இல்ல டிஸ்க்கே செத்திருக்கும். பேரு தெரியுதுன்னா பூட் ஆர்டர் பாருங்க, டூயல் பூட் (ஒரே மெஷின்ல விண்டோஸும் லினக்ஸும்) வச்சிருந்தா விண்டோஸ் தன்னை முதல்ல ஏத்தி வச்சிருக்கும், உபுன்டுனு ஒரு என்ட்ரி கீழ கிடக்கும், மேல தூக்கி விட்டா முடிஞ்சது.

பழைய டெஸ்க்டாப்ல இன்னொரு கூத்து இருக்கு, போர்டுல இருக்க அந்த காசு சைஸ் சிஆர்2032 பேட்டரி தீந்து போனா கரன்ட் போன உடனே பயாஸ் செட்டிங் எல்லாம் ஃபேக்டரிக்கு போயிரும், டிஸ்க்கைப் படிக்கிற முறை (சாட்டா மோடு) ஏஹெச்சிஐல இருந்து ரெய்டுக்கு மாறலாம், யூஇஎஃப்ஐ பழைய பயாஸ் முறைக்கு (லெகசி) போகலாம், தேதியும் பல வருஷம் பின்னாடி போயிரும். தேதி பின்னாடி போச்சுன்னா ஃபைல் சிஸ்டம் செக் பண்றது "கடைசியா மௌன்ட் பண்ணது (டிஸ்க்கைத் திறந்து சிஸ்டத்தோட மாட்டினது) எதிர்காலத்துல இருக்கே"னு குழம்பிப்போய் பூட்டை நிறுத்தினதையும் நான் பாத்திருக்கேன். அதனால பயாஸ்குள்ள போனதும் கடிகாரத்தை ஒரு பார்வை பாருங்க. தப்பா இருந்தா கடையில பேட்டரி வாங்கி மாத்திட்டு செட்டிங்கை பழையபடி வைங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து உள்ளதை மட்டும் பூட் பண்ண விடுற காவல்) சண்டை தனி. 2024 ஆகஸ்ட்ல வந்த விண்டோஸ் அப்டேட் ஒண்ணு பழைய ஷிம் (செக்யூர் பூட்டுக்காக கிரப்புக்கு முன்னாடி ஓடுற சின்ன புரோகிராம்) எல்லாத்தையும் பிளாக் பண்ணிடுச்சு, டூயல் பூட் வச்சிருந்த நிறைய பேருக்கு லினக்ஸ் பக்கம் போனா "எஸ்பேட் செல்ஃப் செக் ஃபெயில்டு, செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்"னு காட்டி மெஷின் ஆஃப் ஆச்சு. இந்த மெசேஜ் வந்தா, பயாஸ்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணி லினக்ஸ்குள்ள போயி

சூடோ மோக்யுட்டில் --செட்-எஸ்பேட்-பாலிசி டெலீட்

அடிச்சு, ஒரு தடவை ரீபூட் பண்ணி லினக்ஸ்குள்ளயே வந்துட்டு, ஷிம்மையும் கிரப்பையும் அப்டேட் பண்ணிட்டு, அப்புறம் செக்யூர் பூட்டை திரும்ப ஆன் பண்ணிக்கலாம்.

கிரப் ரெஸ்க்யூ> னு மட்டும் வந்து நிக்குதா, அப்ப கிரப்போட தலை இருக்கு, உடம்பைக் காணோம். பார்ட்டிஷனை அழிச்சு சேத்து விளையாடுனா, நம்பர் மாறிப்போயி தன்னோட ஃபோல்டர் எங்கனு அதுக்குத் தெரியாது. விண்டோஸ்லேந்து "இது என்ன டிரைவ், பேரே இல்லையே"னு லினக்ஸ் பார்ட்டிஷனையே டெலீட் பண்ணவங்களும் உண்டு, அவங்களுக்கு இந்த வைத்தியம் ஆகாது, அது டெஸ்ட்டிஸ்க்ங்கிற டூல்ல பார்ட்டிஷனை மீட்டெடுக்கிற வேற கதை. பார்ட்டிஷன் இருக்குன்னா எல்எஸ்னு அடிங்க, (எச்டி0,ஜிபிடி1) (எச்டி0,ஜிபிடி2) னு வரிசையா காட்டும். ஒவ்வொண்ணா எல்எஸ் (எச்டி0,ஜிபிடி2)/ னு கேட்டுப் பாருங்க, அன்னோன் ஃபைல் சிஸ்டம்னா அடுத்தது, பூட், ஈடிசி, ஹோம்னு ஃபோல்டர் பேரு வந்துச்சுன்னா அதுதான் வீடு. அப்புறம்

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி2)
செட் பிரீஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

அடிச்சா மெனு வரும். பூட்டுக்குனு தனி பார்ட்டிஷன் இருந்தா பிரீஃபிக்ஸ்ல அந்த பார்ட்டிஷன் நம்பரைப் போட்டு வெறும் /கிரப் போதும். இது இன்னைக்கு மட்டும் உள்ள போறதுக்கு, உள்ள போனதும் கிரப்-இன்ஸ்டாலும் அப்டேட்-கிரப்பும் ஓட்டலைன்னா நாளைக்கும் இதே பிராம்ப்டுதான்.

இப்ப நம்ம தம்பி கதைக்கு வருவோம். அவன் அனுப்புன போட்டோவுல கடைசி வரி இது, "கெர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மௌன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)". பேனிக்ங்கிற வார்த்தையப் பாத்து பையன் பேனிக் ஆயிட்டான். இதுல பாக்க வேண்டியது அந்த 0,0. கெர்னல் வந்துருச்சு, ஆனா டிஸ்க்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியல. ஏன் தெரியலைன்னா டிரைவர் மூட்டை, அதான் இனிட்ராம்எஃப்எஸ், வந்து சேரல. "இன்னைக்கு அப்டேட் எதாவது போட்டியாடா?" "ஆமாண்ணே, சாயங்காலம் கேட்டுச்சு, ஓகே குடுத்தேன், கடைசியில ஏதோ எரர் காட்டுச்சு, குளோஸ் பண்ணிட்டேன்." அந்த "ஏதோ எரர்"தான் விஷயம்.

"ரீஸ்டார்ட் பண்ணு, மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்னு ரெண்டாவது வரி இருக்கும் பாரு, உள்ள போ, எத்தனை கெர்னல் இருக்கு?" "நிறைய இருக்குண்ணே, ஏழெட்டு." "மேல இருக்கது வேண்டாம், அதுக்கு அடுத்தது, ரெக்கவரினு எழுதாதது, அதை எடு." நாப்பது செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம், "அண்ணே வந்துருச்சுண்ணே!" அவ்வளவுதான், பத்திரிகை ஃபைல் தப்பிச்சுது. இதுல என் திறமை ஒண்ணும் இல்ல, உபுன்டு வகையறா எல்லாம் பழைய கெர்னலை ஒண்ணாவது விட்டு வச்சிருக்கும், அப்டேட்டுக்கு அப்புறம் பூட் ஆகலைன்னா முதல்ல அதுல ஏறிப் பாக்கணும், வேற எதையும் யோசிக்கவே வேண்டாம். பாதி கேஸ் இதுலயே முடியும்.

ஆனா ஃபைலை பென்டிரைவ்ல எடுக்கச் சொன்ன கையோட நோயையும் பாக்கச் சொன்னேன். பூட்ல இடம் எவ்வளவுனு பாக்க டிஎஃப் -எச் /பூட் அடிக்கச் சொன்னா 100 சதவீதம் ரொம்பிருச்சுங்குது. அவங்க அப்பா எப்பவோ இன்ஸ்டால் பண்ணும்போது பூட்டுக்குனு தனியா 500 எம்பி ஒதுக்கியிருக்கார், பழைய கெர்னல் எல்லாம் சேந்து சேந்து அது ரொம்பி வழிஞ்சுருச்சு. புது கெர்னல் எப்படியோ உள்ள நுழைஞ்சுது, அதோட மூட்டைக்கு இடம் இல்லாம எழுத முடியல. கிரப் மெனு எழுதுறது வந்து பாத்துச்சு, கெர்னல் இருக்கு, மூட்டை இல்ல, சரினு மூட்டையை ஏத்தச் சொல்ற இனிட்ஆர்டி வரி இல்லாமலே ஒரு என்ட்ரி எழுதி அதையே முதல் வரியா வச்சிருச்சு. மெனுல இ தட்டிப் பாத்தா இது கண்ணுக்கே தெரியும், லினக்ஸ் வரிக்குக் கீழ இனிட்ஆர்டினு ஒரு வரி இருக்கணும், இவனோடதுல அது இல்ல.

இந்த நிலைமையில சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ் ஓட்டுனா பழைய கெர்னல் எல்லாம் போகணும். ஆனா ஏற்கனவே பாதியில நின்ன இன்ஸ்டால் இருக்கதால அது முதல்ல அதை முடிக்கப் பாக்கும், முடிக்க இடம் வேணும், இடம் இல்ல, திரும்ப எரர். கிணத்துல விழுந்தவன்கிட்ட ஏணிய நீயே எடுத்துட்டு வாங்கிற கதை. அதனால கையால ஒண்ணை அழிச்சு இடம் பண்ணணும். முதல்ல யூநேம் -ஆர் அடிச்சு இப்ப எந்த கெர்னல்ல ஓடிட்டு இருக்கீங்கனு பாத்து எழுதி வச்சுக்கோங்க, அதைத் தொடக்கூடாது. எல்எஸ் -எல்எச் /பூட் அடிச்சு இருக்கதுலயே பழைய நம்பர் உள்ள இனிட்ஆர்டி.ஐஎம்ஜி ஃபைல் ஒண்ணு இல்ல ரெண்டை ஆர்எம் பண்ணுங்க. அப்புறம்

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்
சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்
சூடோ அப்டேட்-கிரப்

இந்த வரிசையில. முடிஞ்சதும் எல்எஸ் /பூட் போட்டு, ஒவ்வொரு விஎம்லினஸ் (அதான் கெர்னல் ஃபைல்) நம்பருக்கும் அதே நம்பர்ல ஒரு இனிட்ஆர்டி ஜோடி இருக்கானு கண்ணால சரி பாத்துட்டுத்தான் ரீபூட். பையன் ஒண்ணொண்ணா படிச்சுக் காட்டினான், கடைசியில புது கெர்னல்லயே வந்துச்சு. பெடோராங்கிற லினக்ஸ் வகையில மூட்டை கட்டுறது டிராகட் -எஃப், ஆர்ச்ங்கிற வகையில எம்கேஇனிட்சிபிஐஓ -பி, அந்த பி மட்டும் பெரிய எழுத்து.

இதே ஸ்டாப்ல வர்ற இன்னொன்னு, (இனிட்ராம்எஃப்எஸ்) னு அடைப்புக்குறிக்குள்ள பிராம்ப்ட். கரன்ட் கட் அடிக்கடி ஆகுற, யூபிஎஸ் இல்லாத வீட்டுல இதை எப்படியும் ஒரு நாள் பாப்பீங்க. அதுல எக்ஸிட்னு அடிச்சா ஏன் நிக்குதுனு சொல்லும். "ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி"னு பார்ட்டிஷன் பேரோட வந்துச்சுன்னா ஃபைல் சிஸ்டத்தை சரி பண்ற எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2, உங்களுக்கு என்ன பேரு காட்டுதோ அது, முடிஞ்சதும் ரீபூட். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்கு இது சரி. பிடிஆர்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம் வச்சிருக்கவங்க செக் --ரிப்பேர்னு எங்கயோ படிச்சுட்டு ஓட்டிராதீங்க, அது கடைசி மருந்து, உள்ளதையும் கெடுத்துரும். மௌன்ட் ஆகி ஓடிட்டிருக்க பார்ட்டிஷன்ல எஃப்எஸ்சிகே போடுறதும் அதே ரகம்.

எஃப்எஸ்சிகே -ஒய் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மேல ஓடின மெசேஜைப் பாருங்க. "ஐ/ஓ எரர், டெவ் எஸ்டிஏ, செக்டர்"னு நம்பர் நம்பரா வந்திருந்தா டிஸ்க்கே சாகுதுனு அர்த்தம், கரன்ட் கட்டுல குழம்பின ஃபைல் சிஸ்டம் இல்ல அது. சாகுற டிஸ்க்ல எஃப்எஸ்சிகே ஓட்டுறது காய்ச்சக்காரனை ரன்னிங் ரேஸ்ல விடுறது மாதிரி. லைவ் பென்டிரைவ்ல (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடுற பென்டிரைவ்) பூட் பண்ணி, டிஸ்க் நிலைமையைச் சொல்ற ஸ்மார்ட்சிடிஎல் -ஏ போட்டுப் பாருங்க, ரீஅலகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் ரெண்டு வரியிலயும் கடைசி எண் 0 இல்லாம ஏறியிருந்தா, முதல் வேலை டிடிரெஸ்க்யூ வச்சு இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே காப்பி எடுக்கிறது. ரிப்பேர் எல்லாம் அந்த காப்பியில பண்ணிக்கலாம்.

அடுத்த ஸ்டாப் சிஸ்டம்டி. இங்க என் சொந்த மானம் போன கதை ஒண்ணு இருக்கு. வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு எப்பவும் சொருகியே கிடந்துச்சு, ஒவ்வொரு தடவையும் கிளிக் பண்ணி திறக்க சோம்பேறித்தனம், பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்க மாட்டணும்னு எழுதி வைக்கிற /ஈடிசி/எஃப்எஸ்டேப் ஃபைல்ல ஒரு வரி சேத்தேன். நல்லாத்தான் ஓடுச்சு. மூணு மாசம் கழிச்சு மச்சான் படம் காப்பி பண்ணணும்னு டிஸ்க்கை கழட்டிட்டுப் போனாரு. மறுநாள் ஆன் பண்ணா "எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்"னு ஒரு சிவப்பு நட்சத்திரம் இப்படியும் அப்படியும் ஆடுது, ஒன்றரை நிமிஷம் எண்ணிட்டு எமர்ஜென்சி மோடுனு வந்து நின்னுருச்சு. நான் கிரப்பு, கெர்னலுனு ஒரு மணி நேரம் தேடினேன், சேத்த வரி ஞாபகத்துலயே இல்ல. அப்புறம்தான் ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்பி போட்டு கீழ இறங்கி வந்து பாத்தா, இந்த யூயூஐடி (டிஸ்க்கோட தனி அடையாள எண்) உள்ள டிஸ்க்கைக் காணோம்னு தெளிவா எழுதி வச்சிருக்கு. 1 நிமிஷம் 30 செகண்ட் எண்ணுச்சுன்னா நூத்துக்கு தொண்ணூறு எஃப்எஸ்டேப்தான், நேரா அங்க போங்க.

எமர்ஜென்சி மோடுல ரூட் ஷெல் (எல்லா அதிகாரமும் உள்ள கமாண்ட் பிராம்ப்ட்) கிடைச்சா மௌன்ட் -ஓ ரீமௌன்ட்,ஆர்டபிள்யூ / போட்டு எழுதுற மாதிரி ஆக்கி, நானோ /ஈடிசி/எஃப்எஸ்டேப் திறந்து அந்த வரிக்கு முன்னாடி # வச்சிட்டு ரீபூட். அந்த டிஸ்க் வேணும்தான்னா வரியில டிஃபால்ட்ஸ்னு இருக்கதுக்குப் பக்கத்துல கமா போட்டு நோஃபெயில் சேருங்க, இருந்தா மௌன்ட் பண்ணும், இல்லைன்னா போயிட்டே இருக்கும். விண்டோஸ் டிரைவ், பென்டிரைவ், நெட்வொர்க் ஃபோல்டர் எதையும் நோஃபெயில் இல்லாம எஃப்எஸ்டேப்ல எழுதாதீங்க. பார்ட்டிஷனை ஃபார்மட் பண்ணாலும் யூயூஐடி மாறிடும், பிஎல்கேஐடி போட்டு புதுசை எடுத்து மாத்தணும்.

டெபியன்ல ரூட் பாஸ்வேர்டு வைக்காம இன்ஸ்டால் பண்ணியிருந்தா எமர்ஜென்சி மோடும் "ரூட் அக்கவுன்ட் லாக்டு"னு கதவை சாத்திடும். அப்ப கிரப்ல இ தட்டி, அதே லினக்ஸ் வரி கடைசியில இனிட்=/பின்/பேஷ் சேத்து கன்ட்ரோல் எக்ஸ். பாஸ்வேர்டே கேக்காம ஷெல் வரும். ரீமௌன்ட் பண்ணி, ஃபைலைத் திருத்தி, சிங்க் அடிச்சு, ரீபூட் -எஃப். ஆமா, பக்கத்துல உக்காந்தா யாரு வேணா உங்க மெஷின்ல இதைப் பண்ணலாம், பயமா இருந்தா இன்ஸ்டால் பண்ணும்போதே டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணுங்க.

எல்லாம் ஓடி முடிஞ்சு கடைசியில கறுப்பு ஸ்கிரீன், மூலையில ஒரு கோடு மினுக்குது. இது பூட் ஆகாதது இல்ல, பூட் ஆயிருச்சு, படம்தான் வரல. கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமுக்குங்க, எழுத்துல லாகின் கேக்கும், உள்ள போங்க. என்விடியா கார்டு இருந்தா சந்தேகம் முதல்ல அது மேலதான், புது கெர்னலுக்கு டிரைவர் பில்ட் ஆகியிருக்காது, டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் போட்டா தெரியும். எஃப்3யும் வரலைன்னா கிரப்ல லினக்ஸ் வரியில நோமோட்செட் சேத்து ஏறுங்க, படம் மங்கலா பெருசா வரும், பரவால்ல, டிரைவரைத் திரும்பப் போட அது போதும். என்விடியா இல்லைன்னா டிஎஃப் -எச் பாருங்க, ரூட் பார்ட்டிஷன் 100 சதவீதம் ரொம்பியிருந்தாலும் லாகின் ஸ்கிரீன் வராது, இல்ல பாஸ்வேர்டு அடிச்சதும் திரும்ப லாகினுக்கே தள்ளும். அவசரத்துக்கு சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம் (கடைசி எம் பெரிய எழுத்து), சூடோ ஏபிடி கிளீன், ரெண்டும் போதும். இடமும் இருக்கு, ஆனா லாகின் லூப் ஆகுதுன்னா ஹோம் ஃபோல்டர்ல .எக்ஸ்ஆதாரிட்டி (எக்ஸ் பெரிய எழுத்து) ஃபைலோட ஓனர் ரூட்னு இருக்கானு பாருங்க, எப்பவாவது சூடோ போட்டு கிராஃபிக்ஸ் புரோகிராம் ஓட்டியிருப்பீங்க, சௌன் போட்டு உங்க பேருக்கு மாத்துனா சரி.

இதுல எதுலயும் உள்ளயே நுழைய முடியலைன்னா லைவ் பென்டிரைவும் சிஹெச்ரூட்டும் (லைவ்ல இருந்தே உங்க டிஸ்க்ல இருக்க சிஸ்டத்துக்குள்ள நுழையிற கமாண்ட்). நான் இதுல ஒரு தடவை ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன், காரணம் என்னன்னா இன்ஸ்டால் பண்ணது யூஇஎஃப்ஐல, பென்டிரைவை பூட் பண்ணது லெகசி மோடுல, கிரப்-இன்ஸ்டால் என்ன செஞ்சும் ஒத்துக்கல. அதனால லைவ்ல ஏறுன உடனே எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ அடிச்சுப் பாருங்க, அந்த ஃபோல்டர் இருந்தா யூஇஎஃப்ஐல இருக்கீங்க, இல்லைன்னா, இன்ஸ்டால் யூஇஎஃப்ஐல பண்ணவங்க பூட் மெனுல அதே பென்டிரைவோட யூஇஎஃப்ஐ என்ட்ரியை எடுத்து திரும்ப வாங்க. அப்புறம் எல்எஸ்பிஎல்கே -எஃப் போட்டு எது ரூட்டு, எது இஎஃப்ஐங்கிற சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன்னு பாத்துக்கிட்டு, உதாரணத்துக்கு எஸ்டிஏ2 ரூட்டு, எஸ்டிஏ1 இஎஃப்ஐன்னா,

சூடோ மௌன்ட் /டெவ்/எஸ்டிஏ2 /எம்என்டி
சூடோ மௌன்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ
சூடோ மௌன்ட் --பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்

கடைசி வரி மாதிரியே /ப்ராக், /சிஸ், /ரன் மூணுக்கும் ஒவ்வொண்ணு. யூஇஎஃப்ஐ மெஷின்னா /சிஸ்க்கு மட்டும் பைண்டுக்குப் பதிலா ஆர்பைண்ட் போடுங்க, அப்பத்தான் பூட் என்ட்ரி எழுதுற இடம் உள்ள தெரியும். பூட் தனி பார்ட்டிஷன்னா இஎஃப்ஐக்கு முன்னாடி அதை /எம்என்டி/பூட்ல மாட்டணும். டிஸ்க் என்கிரிப்ட் பண்ணியிருந்தா எல்லாத்துக்கும் முன்னாடி கிரிப்ட்செட்டப் ஓப்பன் போட்டு டிஸ்க்கைத் திறக்கணும். பெடோராவோட பிடிஆர்எஃப்எஸ்னா மௌன்ட்ல -ஓ சப்வால்=ரூட் சேக்கணும், இல்லைன்னா ஹோம், ரூட்னு ரெண்டு ஃபோல்டர் மட்டும் தெரியும், என்னடா எல்லாம் போச்சானு நெஞ்சு அடைக்கும். மாட்டி முடிச்சதும் சூடோ சிஹெச்ரூட் /எம்என்டி. இப்ப நீங்க செத்துக் கிடந்த உங்க சிஸ்டத்துக்குள்ளயே இருக்கீங்க, ஏபிடி, டிபிகேஜி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் எல்லாம் ஓடும், மேல தம்பிக்குச் சொன்ன நாலு வரியும் இங்க இருந்தே போடலாம். கிரப்புக்கு யூஇஎஃப்ஐ மெஷின்னா வெறும் கிரப்-இன்ஸ்டால், பழைய பயாஸ் மெஷின்னா கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ, எஸ்டிஏ1 இல்ல, முழு டிஸ்க்கு. அப்புறம் அப்டேட்-கிரப், எக்ஸிட், ரீபூட். பெடோரா யூஇஎஃப்ஐல மட்டும் கிரப்2-இன்ஸ்டால் ஓட்டாதீங்க, டிஎன்எஃப் ரீஇன்ஸ்டால் போட்டு ஷிம்மையும் கிரப்2-இஎஃப்ஐ பேக்கேஜையும் திரும்பப் போடுறதுதான் அங்க முறை.

இதுக்கெல்லாம் அந்த நேரத்துல கையில ஒரு பென்டிரைவ் இருக்கணும். பூட் ஆகாத மெஷின்ல பென்டிரைவ் ரெடி பண்ண முடியாது, ராத்திரி பத்து மணிக்கு யார் வீட்டுல போய் கேப்பீங்க. நான் 32 ஜிபி ஒண்ணுல வென்டாய் போட்டு, உபுன்டு ஐஎஸ்ஓ ஒண்ணும் சிஸ்டம்ரெஸ்க்யூ ஐஎஸ்ஓ ஒண்ணும் சும்மா காப்பி பண்ணி வச்சிருக்கேன், வென்டாய்ல ஐஎஸ்ஓவை அப்படியே போட்டா போதும், தனியா எழுத வேண்டாம். ரெண்டு தடவை மச்சான் அதை எடுத்து ஃபார்மட் பண்ணி படம் ஏத்திட்டாரு. இப்ப அதை பேனா ஸ்டாண்டுல வைக்காம, யூபிஎஸ் பின்னாடி செல்லோடேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன், மேல "சுகர் டெஸ்ட் ரிப்போர்ட்"னு எழுதி. ஒரு வருஷமா யாரும் தொடல.